நம்ம இன்டர்ன் தம்பிய தாங்கிப் பிடிச்ச எல்லாருக்கும் நன்றி

நம்ம சிங்கப்பூர் சபை ஐயர் (பாஸ்டர்) ஆஸ்பத்திரில இருந்து வீட்டுக்கு வந்துட்டாரு, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். நேத்து கொஞ்சம் கஞ்சி குடிச்சாரு, முதல்ல கேட்டதே "தம்பி எப்படி இருக்கான்"னுதான், அத கேட்டதுல இருந்து எனக்கு கண்ணுல தண்ணி நிக்கல, அதான் இப்பவே எழுதுறேன்.

ஐயர் ஆஸ்பத்திரில படுத்தது உங்க எல்லாருக்கும் தெரியும், திரும்ப எழுத மனசு வரல. ட்ரினிட்டி தியாலஜிக்கல் காலேஜ்ல இருந்து ஊழியம் பழக வந்த பையன், எங்க வீட்டு சின்ன ரூம்ல தங்கி ஐயர் பின்னாடியே போய் கத்துக்க வேண்டியவன், திடீர்னு மொத்த சபையும் அவன் தலையில.

நான் முக்கியமா சொல்ல வந்தது ஒரு அண்ணன பத்தி. பேரு போடக்கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிட்டாரு. இங்க துவாஸ் தொழிற்பேட்டைல வெல்டர் வேலை, ஊரு பொறையார், 1706ல லூத்தரன் மிஷனரி சீகன்பால்கு ஐயர் வந்து எறங்குன தரங்கம்பாடிக்கு பக்கத்துல. நம்ம தம்பி இங்க பொறந்து வளந்தவன், படிக்கிறது இங்லீஷ்ல, தமிழ்ல பிரசங்கம்னா ஒவ்வொரு வரியும் போராட்டம், சனிக்கிழமை ஐயர்கிட்ட ஒருதடவ சொல்லிக் காட்டிட்டுதான் ஞாயித்துக்கிழமை நிப்பான். இப்ப கேக்க ஐயர் இல்ல. அந்த சனிக்கிழமை ராத்திரி ஓடி (ஓவர்டைம்) முடிச்சு வேலை சட்டையோடயே பஸ்ஸு எம்ஆர்டி மாறி எங்க ப்ளாக் கீழ வந்து நிக்கிறாரு அண்ணன். "சின்ன ஐயரே, எனக்கு சொல்லுங்க, நான் கேக்குறேன்"னு ப்ளாக் கீழ திறந்த வாய்ட் டெக்ல இருக்குற கல் மேசையில உக்காந்துட்டாரு.

லூக்கா 15, காணாமப்போன ஆடு. தம்பி முழுசா சொல்லி முடிச்சான். அண்ணன் ரொம்ப நேரம் யோசிச்சுட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டாரு, "ஒத்த ஆட்ட தேடிப் போனாரு சரி, மிச்சம் 99ஐ வனாந்தரத்துல யாரு பாத்துக்கிட்டா? புள்ளைங்கள விட்டுட்டு வந்தவனுக்கு அதுதானே முதல்ல தோணும்."

தம்பி எழுதுனத ஓரமா வச்சுட்டு விடிய விடிய வேற எழுதினான். மறுநாள் ஆராதனை முடிஞ்சும் டார்மிட்டரில தங்கி வேலை பாக்குற ஊர் பசங்க யாரும் தேக்காவுக்கு (லிட்டில் இந்தியா) கெளம்பல, அவன சுத்தி நின்னு வீட்டு சேதி சொல்லிக்கிட்டே இருந்தாங்க. அந்த கேள்விய எந்த லெக்சரரும் கேட்டிருக்க முடியாது, மாசாமாசம் ஊருக்கு பணம் அனுப்புற மனுஷனுக்குத்தான் வரும்.

தம்பிக்கு இன்னும் குருப்பட்டம் ஆகல, முறையான அழைப்பு இல்லாம யாரும் திருவிருந்து நடத்தக்கூடாதுன்னு நம்ம லூத்தரன் சபையோட 1530 ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையிலயே இருக்கு, அதுக்குன்னு, திருவிருந்து நடத்த முட்டி வலியோட வந்த சீன சபை ரிட்டயர்ட் பாஸ்டர் அங்கிளுக்கும், ஆஸ்பத்திரில மாத்தி மாத்தி உக்காந்த வாலிபர்களுக்கும், ஞானோபதேச க்ளாஸ் எடுத்த டீச்சருக்கும், டிபன் கேரியர் அனுப்புன ஆண்ட்டிங்களுக்கும், தம்பி லேட்டா வந்தா சூப் எடுத்துட்டு கதவ தட்டுன பக்கத்து வீட்டு மலாய் மக்சிக்குக்கும் (ஆண்ட்டி) ரொம்ப ரொம்ப நன்றி.

அண்ணே, அடுத்த வருஷம் இன்டர்ன் யாரு வந்தாலும் அவங்கள பாத்துக்குற கமிட்டில டார்மிட்டரில இருந்து ஒருத்தர் இருக்கணும், சபை கூட்டத்துல நானே எந்திரிச்சு கேப்பேன், கெடைக்கிறவரைக்கும் விடமாட்டேன். இந்த சனிக்கிழமை ஓடி இல்லேன்னா வீட்டுக்கு வந்துடுங்க. ஐயரும் வர்றேன்னு சொல்லியிருக்காரு, மீன் கொழம்பு வைக்கிறேன்.