கண்ணுக்கு, ஏலியாஸ் பத்தி அம்மா

கண்ணு,

நல்லா இருக்கியா, நேரத்துக்கு சாப்பிடுறியா. உன் எஸ்க்யூஎல் க்வெரி, அதான் டேட்டாபேஸ்கிட்ட தகவல் கேட்டு எழுதுறது, எரர் அடிச்சப்ப டீம் லீடு எல்லார் முன்னாடியும் இதுகூடத் தெரியாதான்னு கேட்டாருன்னு நீ சொன்னது மனசுலயே நிக்குது. இந்த வாரம் ஏற்காட்டுல எஸ்டேட் கணக்கு பாக்க வந்திருக்கேன், சிக்னல் வந்து வந்து போகுது, போன்ல விளக்க முடியாது, அதான் எழுதுறேன், பொறுமையா படி.

நீ நெனச்சதுல நியாயம் இருக்கு. செலக்ட்ல அளவையும் ரேட்டையும் பெருக்கி ஆஸ் தொகைன்னு பேரு வச்ச, இப்படி நாமளா வைக்கிற பேருதான் ஏலியாஸ், கீழ வேர் கண்டிஷன்ல தொகை 50000க்கு மேலன்னு கேட்ட. மேல இருந்து கீழ படிக்கிற நமக்கு அது சரியாத்தான் தோணும். ஆனா எஸ்க்யூஎல் எடுத்துக்கிற வரிசையே வேற, மொதல்ல எந்த டேபிள்னு சொல்ற ஃப்ரம், அப்புறம் வரிகள வடிகட்டுற வேர், வரிகள குரூப்பா சேக்கிற குரூப் பை, அந்த குரூப்கள வடிகட்டுற ஹேவிங், அதுக்கப்புறம்தான் எதெல்லாம் காட்டணும்னு சொல்ற செலக்ட், கடைசியா வரிசைப்படுத்துற ஆர்டர் பை. வேர் நடக்கிற நேரத்துல தொகைங்கிற பேரு இன்னும் பொறக்கவே இல்ல, அதான் உன் டேட்டாபேஸ் போஸ்ட்கிரஸ் அப்படி ஒரு ஃபீல்டே கிடையாதுன்னு எரர் அடிக்குது. ஆர்டர் பைல மட்டும் அதே பேரு வேலை செஞ்சுதுன்னு சொன்னியே, காரணம் இதுதான். செலக்ட்குள்ளயே பக்கத்து ஃபீல்டுல தொகைய வச்சு ஜிஎஸ்டி போட்டாலும் இதே எரர்தான் வரும்.

சின்ன க்வெரின்னா வேர்ல அந்தப் பெருக்கலையே திரும்ப எழுதிடு. பெருசுன்னா வித் போட்டு உள்ள ஒரு க்வெரியில பேரு வச்சிட்டு வெளிய இருந்து ஃபில்டர் பண்ணு, வெளிய இருக்கிற க்வெரிக்கு அது நெசமான ஃபீல்டு மாதிரிதான். எனக்கு அதுதான் பிடிக்கும், ஆறு மாசம் கழிச்சு யாரு படிச்சாலும் புரியும். மைஎஸ்க்யூஎல்ங்கிற இன்னொரு டேட்டாபேஸ்ல இந்த வித் 8.0ல, 2018லதான் வந்துச்சு, அதனால பழைய சர்வர்ல ஃப்ரம்குள்ளயே இன்னொரு க்வெரிய வைக்கிற சப்க்வெரிதான் எழுதணும்.

காலேஜ்ல ஹேவிங்ல பேரு எழுதுனா ஓடுச்சேன்னு கேட்டல்ல, அங்க நீங்க கத்துக்கிட்டது மைஎஸ்க்யூஎல், அது குரூப் பை, ஹேவிங் ரெண்டுலயும் ஏலியாஸ ஏத்துக்கும். போஸ்ட்கிரஸ் குரூப் பைல விடும், ஹேவிங்ல விடாது, அங்க கூட்டல் போடுற சம் முழுசையும் எழுதணும். மைக்ரோசாஃப்டோட எஸ்க்யூஎல் சர்வர் ரெண்டுலயுமே விடாது.

இன்னொண்ணு, இதுல எரரே வராது, அதனாலதான் இதுக்கு நான் ரொம்ப பயப்படுவேன். காப்பி பழம் எடுக்கிற கணக்குல தேதிய மாசமா சுருக்கிட்டு அதுக்கும் ஆஸ் தேதின்னே பேரு வச்சு, குரூப் பை தேதி போட்டேன்னு வையி, போஸ்ட்கிரஸ் குரூப் பைல டேபிள்ல இருக்கிற தேதியத்தான் எடுக்கும். தெனமும் பழம் எடுத்திருந்தா நவம்பர் ஒண்ணே முப்பது வரியா வந்து நிக்கும். ஆர்டர் பைல தலைகீழ், அங்க நீ வச்ச பேருக்குத்தான் முன்னுரிமை. அதனால டேபிள்ல இருக்கிற பேர திரும்ப வைக்காத, மாசம்னு வையி.

ஆஸ் கட்டாயம் இல்லைன்னு யாராச்சும் சொல்லுவாங்க, கேட்காத, எப்பவும் எழுது. செவ்வாய்பேட்டையில நான் இருந்த ஒரு ஜவ்வரிசி ஆபீஸ்ல ரிப்போர்ட் எழுதுன பையன் மூட்டைக்கும் ரேட்டுக்கும் நடுவுல ஒரு கமாவ விட்டுட்டான். ரேட்டுங்கிறது மூட்டைக்கு ஏலியாஸ் ஆகிப்போச்சு, தலைப்புல ரேட், அதுக்குக் கீழ பூரா மூட்டை எண்ணிக்கை, பிரிண்ட் போயி பார்ட்டி கைக்கும் போயிடுச்சு. ஆஸ் போடுற பழக்கம் இருந்தா, ஆஸ் இல்லாம ரெண்டு பேரு ஒட்டி நின்னாலே கண்ணுல குத்தும்.

அப்புறம் ஏலியாஸுக்கு ஒத்தை கோட் போடாத, அது டெக்ஸ்ட்டுக்கு. மைஎஸ்க்யூஎல்ல ஆர்டர் பைல தொகைய ஒத்தை கோட்டுக்குள்ள எழுதுனா அது வெறும் டெக்ஸ்ட்டுன்னு எடுத்துக்கும், எரரும் வராது, சார்ட்டும் ஆகாது. பேருல இடைவெளி வேணும்னா போஸ்ட்கிரஸ்ல டபுள் கோட், ஆனா அண்டர்ஸ்கோர் போட்டுட்டா கோட்டே வேணாம்.

அந்த க்வெரிய வித் வச்சு மாத்தி ஞாயித்துக்கிழமைக்குள்ள வாட்ஸப்ல அனுப்பு, அன்னைக்கு சேலம் வந்துடுவேன், உக்காந்து பாக்குறேன். ஹேவிங்ல ஏலியாஸ் இருந்தா மொதல்ல அதை எடுத்துட்டு அனுப்பு.

அம்மா