அளக்காமல் மாற்றிய பேட்டரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்காலத்தில் கார் ஸ்டார்ட் ஆகாமல் 'டக்' என்ற சத்தத்தோடு நின்றுவிட்டால் பேட்டரியை மாற்றிவிட வேண்டும் என்று தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் சில வாரங்களுக்கு முன் ஒரு குறிப்பு வந்திருந்தது. அந்தக் குறிப்பு பல நேரங்களில் சரியாக இருக்கும். சரியாக இல்லாத இடத்தில் அது எவ்வளவு பணத்தையும் அலைச்சலையும் தின்றுவிடும் என்பதைக் கடந்த மாதம் என் அக்காவின் காரில் கண்டேன். அரசு ஐ.டி.ஐ.யில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவின் பயிற்றுநராகப் பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் அதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

அக்கா கும்பகோணத்தில் தனியாக இருக்கிறார். பத்து வருடம் ஓடிய சிறிய பெட்ரோல் கார் ஒன்றை அவரே ஓட்டுகிறார். ஐப்பசியில் அடைமழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் சாவியைத் திருப்பியபோது 'டக்' என்று ஒரே ஒரு சத்தம் கேட்டது, இன்ஜின் அசையவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் தம் காரைக் கொண்டுவந்து நிறுத்தி, இரண்டு பேட்டரிகளையும் இணைக்கும் ஜம்பர் கேபிளைப் போட்டதும் உடனே ஸ்டார்ட் ஆகிவிட்டது. பட்டறையில், "பேட்டரி போயிடுச்சும்மா, அதான் கேபிள் போட்டதும் எடுத்துக்கிச்சு" என்று சொல்லி 5,200 ரூபாய்க்குப் புது பேட்டரி மாற்றினார்கள். நான்காம் நாள் மறுபடியும் அதே சத்தம். இந்த முறை இன்ஜினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டார் பழுது என்று சொல்லி அதையும் 8,500 ரூபாய்க்கு மாற்றினார்கள். பதினோரு நாள் ஓடிய பிறகு, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய ஒரு காலையில், கார் மூன்றாம் முறையாக நின்றது. அதன் பிறகுதான் அக்கா எனக்குப் போன் செய்தார்.

நான் போனதும் முதலில் செய்தது, வோல்ட் அளக்கும் மீட்டரை எடுப்பதற்கும் முன்னால், ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு அக்காவைச் சாவியைத் திருப்பச் சொன்னதுதான். 'டக்' என்றது, ஆனால் வீட்டுச் சுவரில் விழுந்த வெளிச்சம் கொஞ்சம்கூட மங்கவில்லை. பேட்டரி பலவீனமாக இருந்தால் செல்ஃப் இழுக்கும்போது விளக்கு மங்கி மஞ்சளாகிவிடும். பெரும்பாலும் 'டக் டக் டக்' என்று செல்ஃபின் மின்காந்த சுவிட்சான சொலினாய்டு விடாமல் தட்டவும் செய்யும். மங்காத விளக்கும் ஒற்றைத் தட்டலும் சேர்ந்து வந்தால், பேட்டரியில் சரக்கு இருக்கிறது, அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகவில்லை என்று பொருள்.

பிறகு மீட்டரில் அளந்தேன். கார் நின்றிருக்கும்போது பேட்டரியின் இரண்டு முனைகளுக்கும் இடையே 12.6 வோல்ட் இருந்தது. நிறைய சார்ஜ் ஏறிய பேட்டரிக்கு இதுதான் அளவு. 12.2 என்றால் பாதி என்றும், 11.9க்குக் கீழே போனால் ஏறக்குறைய காலி என்றும் கொள்ளலாம். சாவியைத் திருப்பிப் பிடித்தபோதும் அது 12.1க்குக் கீழே இறங்கவில்லை. செல்ஃப் உண்மையாகவே சுற்றினால் நல்ல பேட்டரியிலும் பத்து, பதினொன்று வரை இறங்கும், 9.6க்குக் கீழே விழுந்தால்தான் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டும். இங்கே அது இறங்காமல் நின்றதே பெரிய தடயம். அடுத்து, மீட்டரின் கருப்பு முனையை பேட்டரியின் நெகடிவ் மீதும், சிவப்பு முனையை இன்ஜின் பிளாக்கின் பெயின்ட் இல்லாத உலோகத்தின் மீதும் வைத்துச் சாவியைத் திருப்பச் சொன்னேன். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாத இடத்தில் 6.4 காட்டியது. அதாவது, பேட்டரி கொடுத்த மின்னழுத்தத்தில் பாதி, செல்ஃபுக்குப் போகாமல் திரும்பும் வழியிலேயே தொலைந்துகொண்டிருந்தது. நெகடிவ் முனைக்கும் காரின் பாடிக்கும் இடையே அளந்தால் 0.1தான். ஆகவே பழுது பாடிக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருந்தது. அந்த இரண்டையும் இணைப்பது ஒரே ஒரு எர்த் பட்டைதான்.

இன்ஜினும் கியர்பாக்ஸும் ரப்பர் மவுண்டிங்கின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் செல்ஃப் வழியாக இன்ஜினுக்குள் வந்த அத்தனை மின்சாரமும் செப்புக் கம்பிகளைப் பின்னிச் செய்த, இரண்டு விரல் அகலம்கூட இல்லாத அந்தப் பட்டையின் வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். காருக்கு அடியில் படுத்துக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். மேலிருந்து பார்த்தால் பட்டை முழுசாகத்தான் தெரிந்தது. போல்ட்டைக் கழற்றி விரலால் வளைத்தபோது பின்னலுக்குள்ளிருந்து பச்சைப் பொடி உதிர்ந்தது. போல்ட் மாட்டும் கண்ணி சேரும் இடத்தில் இழைகள் பெரும்பாலும் அறுந்து, பத்துப் பன்னிரண்டு மட்டுமே ஒட்டிக்கொண்டிருந்தன. பட்டையைத் திரும்ப மாட்டாமல், ஜம்பர் கேபிளின் கருப்புக் கம்பியை மட்டும் எடுத்து ஒரு முனையை பேட்டரி நெகடிவிலும் மறு முனையை இன்ஜின் பிளாக்கிலும் கவ்வவிட்டு அக்காவிடம் சாவியைத் திருப்பச் சொன்னேன். வேறு கார் எதுவும் இல்லாமல், அதே பேட்டரியில், முதல் திருப்பலிலேயே இன்ஜின் ஓடத் தொடங்கியது. புதுப் பட்டையின் விலை 280 ரூபாய். உப்புத்தாளால் பாடியின் உலோகத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்து மாட்ட அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

இதில் என்னை மிகவும் வருத்தியது, முதல் நாளில் கேபிள் போட்டதும் ஸ்டார்ட் ஆனதை பேட்டரி கெட்டதற்கான சாட்சியாக எடுத்துக்கொண்டதுதான். பக்கத்து வீட்டுக்காரர் முறைப்படி, கருப்புக் கம்பியின் கடைசி முனையை பேட்டரியில் போடாமல் இன்ஜின் உலோகத்தில் போட்டிருந்தார். பேட்டரியிலிருந்து வெளிவரும் ஹைட்ரஜன் வாயு தீப்பொறியில் பற்றிவிடக் கூடாது என்பதற்காக பெரும்பாலான கார் கையேடுகள் சொல்லும் முறை அது. ஆனால் அப்படிப் போட்டதுமே, இற்றுப்போன பட்டையைச் சுற்றிக்கொண்டு அடுத்த காரின் பேட்டரிக்கே மின்சாரம் திரும்ப ஒரு நல்ல வழி கிடைத்துவிட்டது. கார் ஸ்டார்ட் ஆனதற்கு அக்கா காரின் பேட்டரி கெட்டிருந்தது அல்ல, அந்தக் கருப்புக் கம்பியைப் போட்ட இடமே காரணமாக இருந்திருக்கலாம் என்று யாரும் யோசிக்கவில்லை. செல்ஃப் மாற்றிய பிறகு பதினோரு நாள் ஓடியதும் இதே கதைதான்: மோட்டாரைக் கழற்றி மாட்டும்போது அந்தப் பட்டையை அசைத்திருப்பார்கள், மிச்சமிருந்த இழைகள் தற்காலிகமாக ஒட்டியிருக்கும்.

டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்தோம், எர்த் நன்றாக இருந்தது என்று பட்டறையில் சொன்னார்களாம். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஐந்து வாட் பல்பு எடுக்கும் மின்சாரம் அரை ஆம்பியருக்கும் குறைவு; சிறிய பெட்ரோல் காரின் செல்ஃப் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வழியில் 0.05 ஓம் தடை இருந்தால் பல்பு இழக்கும் அழுத்தம் ஒரு வோல்ட்டில் நாற்பதில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் பளிச்சென்று எரியும். அதே தடையில் நூறு ஆம்பியர் போக முயன்றால் ஐந்து வோல்ட் போய்விடும். மீட்டரை ஓம் அளவில் வைத்துப் பார்த்தாலும், அவ்வளவு சிறிய தடையைச் சாதாரண மீட்டர் சுழி என்றே காட்டும். ஒற்றையடிப் பாதையில் ஒரு ஆள் நடந்து போனதை வைத்து அதில் லாரி போகும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் இந்தச் சோதனையைச் சாவியைத் திருப்பிப் பிடித்தபடி, மின்சாரம் பாயும்போது செய்ய வேண்டும் என்று மாணவர்களிடம் ஓயாமல் சொல்லிவந்தேன். பாசிடிவ் பக்கத்துக்கும் இதே முறைதான். பேட்டரி பாசிடிவுக்கும் செல்ஃபின் பெரிய முனைக்கும் நடுவில் அரை வோல்ட்டுக்கு மேல் தொலையக் கூடாது. இரண்டு பக்கமும் சரியாக இருந்து, செல்ஃபுக்கு முழு அழுத்தமும் கிடைத்து, அப்போதும் சுற்றவில்லை என்றால் மட்டுமே செல்ஃபைக் கழற்ற வேண்டும்.

1912இல் சார்லஸ் கெட்டரிங் காடிலாக் காருக்கு மின்சார ஸ்டார்ட்டரைக் கொடுத்தார். தானே இயக்கிக்கொள்ளும் கருவி என்பதால் வந்த பெயர்தான் நம் பட்டறைகளில் இன்றும் 'செல்ஃப்' என்று நிலைத்திருக்கிறது. இன்றைய கார்களில் எத்தனை கணினிகள் வந்து சேர்ந்திருந்தாலும், பேட்டரி, தடித்த கம்பி, மோட்டார், திரும்பும் வழி என்ற அந்த வட்டம் மாறவே இல்லை. பட்டறையில் காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டிப் பார்த்து 'கோடு (பழுதுக் குறியீடு) எதுவும் இல்லை' என்று சொன்னதில் வியப்பும் இல்லை. எர்த் பட்டையில் இழை அறுந்ததைச் சொல்ல அந்த இடத்தில் எந்த சென்சாரும் கிடையாது.

'டக்' சத்தமே வராத கார்களுக்கு வேறு காரணங்கள் உண்டு: கிளட்ச் சுவிட்ச், ஆட்டோமேட்டிக் காராக இருந்தால் கியர் பார்க்கிங்கிலோ நியூட்ரலிலோ இல்லாதது, ஸ்டார்ட்டர் ரிலே. செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் பெட்ரோல் பம்பின் பியூஸையும் ரிலேயையும் பார்க்க வேண்டும். டேஷ்போர்டில் சாவிப் படம் மின்னினால் மாற்றுச் சாவியைப் போட்டுப் பார்க்க வேண்டும். இவற்றில் எதற்கும் புது பேட்டரி மருந்து ஆகாது. இரவில் பேட்டரி இறங்கிவிடும் கார்களில் அது கெடுதலும் செய்யும். பின்னால் வாங்கி மாட்டிய கேமராவோ மியூசிக் சிஸ்டமோ அரை ஆம்பியரை விடாமல் உறிஞ்சினால், நாளுக்கு 12 ஆம்பியர்-மணி போய், 35 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்றே நாளில் வற்றிவிடும். நின்றிருக்கும் கார் 50 மில்லி ஆம்பியருக்கு மேல் எடுக்கக் கூடாது. புது பேட்டரி அந்தக் கசிவைக் கொஞ்ச நாள் மறைத்துவைக்கும், பிறகு அதுவும் கெட்டுப்போகும்.

பட்டறைக்காரர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்லமாட்டேன். என்னிடம் படித்தவர்களே அந்தத் தொழிலில் பலர் இருக்கிறார்கள். சாமானை மாற்றினால் காசு கிடைக்கிறது, அரை மணி நேரம் அளந்து பார்த்ததற்கு யாரும் காசு கொடுப்பதில்லை. வாடிக்கையாளர்களாகிய நாமும் 'பார்த்ததற்கெல்லாம் பணமா' என்று கேட்கிறோம். சோதிப்பதற்கு 300, 400 ரூபாய் என்று தனியாகக் கூலி வைத்து அதை மனமுவந்து கொடுத்திருந்தால் என் அக்காவுக்கு அந்த 13,700 ரூபாய் வீண்செலவு வந்திருக்காது. அந்தக் கூலிக்கு ஈடாக, ஓய்வில் பேட்டரியின் வோல்ட், செல்ஃப் இழுக்கும்போது பேட்டரியின் வோல்ட், பாசிடிவ் பக்க இழப்பு, எர்த் பக்க இழப்பு ஆகிய நான்கு எண்களைப் பில்லின் பின்பக்கத்தில் எழுதித் தர வேண்டும். கழற்றிய பழைய சாமானையும் உரிமையாளரிடம் காட்ட வேண்டும்.

தங்கள் வாகனப் பக்கத்தில் இனி இதுபோன்ற குறிப்பு வரும்போது, இந்த நான்கு எண்களையும் அவற்றின் சரியான அளவுகளையும் ஒரு கட்டத்துக்குள் போட்டு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். வாசகர்கள் அதை வெட்டி எடுத்து காரின் டேஷ்போர்டு பெட்டியில் வைத்துக்கொள்வார்கள். பட்டறைக்குப் போகும்போது கையில் இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஐ.டி.ஐ. பயிற்றுநர்,
தஞ்சாவூர்.