‘நல்லபடியாக முடிந்தது’ என்ற ஒரு வரி

ஆசிரியருக்கு வணக்கம்.

அறுவை மருத்துவர்கள் நோயாளியின் வீட்டாரிடம் எதையும் விளக்கிச் சொல்வதில்லை என்று வாசகர்கள் குறைபட்டு எழுதுவதைப் பார்க்கிறேன். இருபத்தாறு ஆண்டுகள் அறுவை அரங்கில் செவிலியராக நின்றவள் நான். குறை உண்மைதான். ஈரமில்லாத மனம்தான் காரணம் என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

மலக்குடல் புற்றுநோயில் கட்டியை அகற்றிய பிறகு குடலின் இரு முனைகளையும் இணைப்பார்கள். இடுப்புக் குழியில் தண்ணீர் நிரப்பி, ஆசனவாய் வழியே காற்றைச் செலுத்துவோம். குமிழி வந்தால் இணைப்பு கசிகிறது என்று பொருள்; வருகிறதா என்று அத்தனை பேர் கண்ணும் அந்தத் தண்ணீரிலேயே இருக்கும். வராவிட்டாலும் இணைப்பு தாங்கும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. நான்காம் நாளோ ஏழாம் நாளோ கசியலாம்.

இது தெரிந்த மருத்துவர் ஒருவர், விடியுமுன் வார்டுக்கு வந்து, வயிற்றிலிருந்து நீர் வடியும் குழாயின் பையை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கசிவு உண்டா என்று நிறம் பார்ப்பார். ஓர் அம்மாளுக்கு இந்த அறுவை முடிந்ததும், வெளியே காத்திருந்த வீட்டாரிடம் அவர் சொன்னதோ, ‘நல்லபடியாக முடிந்தது’ என்ற ஒரு வரி. ஆறாம் நாள் கசிந்தது. அன்றிரவே மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டியதாயிற்று. “நல்லபடியாக முடிந்தது என்றீர்களே டாக்டர்?” என்று மகன் கேட்டார். குரலில் கோபம்கூட இல்லை. உடை மாற்றும் அறையில் தொப்பியைக் கழற்றாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார் மருத்துவர். அந்த அம்மாள் பிழைத்துக்கொண்டார். மகன் மட்டும் அதன்பின் எதையும் இன்னொரு மருத்துவரிடம் கேட்டுத்தான் நம்பினார்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ரத்தநாள அறுவை மருத்துவர் மார்கரெட் ஷ்வார்ஸ் குழுவினர், என்ன நடக்கலாம் என்பதை நோயாளிக்கும் வீட்டாருக்கும் விளக்க ஒரு முறையை உருவாக்கினார்கள். அதற்குப் பேனாவும் தாளும் போதும். அறுவை செய்தால் ஒரு நெட்டுக்கோடு, செய்யாவிட்டால் இன்னொன்று. உச்சியில் நட்சத்திரம், நல்ல முடிவு. அடியில் கட்டம், மோசமான முடிவு. பெரும்பாலும் நடக்கக்கூடியது எதுவோ, அந்த இடத்தில் ஒரு நீள்வட்டம். ஒவ்வொன்றிலும் நோயாளியின் வாழ்க்கை எப்படியிருக்கும் என்று மருத்துவர் கதைபோலச் சொல்கிறார். எண்களை அடுக்குவதைவிட இது வீட்டாருக்கு எளிதில் புரியும் என்றே நினைக்கிறேன். ‘எனக்கே உறுதியாகத் தெரியாது’ என்று சொல்ல மருத்துவருக்கும் அதில் இடமிருக்கிறது.

அறுவைப் பட்டியலில் நோயாளி, அறுவை, மயக்க மருந்து, நேரம் எல்லாம் இருக்கும். வீட்டாரோடு உட்கார்ந்து பேசும் பதினைந்து நிமிடம் இருக்காது. மருத்துவமனை நிர்வாகங்கள் அதையும் அறுவைக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை பட்டியலில் எழுத வேண்டும். பேசுவதற்குக் கதவு மூடிய ஓர் அறையும் நான்கு நாற்காலிகளும் வேண்டும். நான் பார்த்தவரை அந்தப் பேச்செல்லாம் நடைவழியில், நின்றபடியேதான் நடந்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறுவை அரங்குச் செவிலியர்