கிளீவ்லாந்தின் டார்ட்மண்டர்: சண்முகத்துக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சண்முகம்,

நலம், நலமறிய ஆவல். கோமதிக்கு முட்டுவலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. பிசியோதெரபியை மட்டும் நடுவில் நிறுத்த விடாதே. பேத்தி போட்டோவைப் பார்த்தோம். நெற்றியும் கண்ணும் அப்படியே உங்க அம்மா. வசந்தி அதை பிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள். இங்கே எல்லாரும் சௌக்கியம். பெரியவன் சிகாகோவில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். வீட்டில் நாங்கள் ரெண்டு பேரும் தக்காளிச் செடியும்தான்.

வந்தால் என்ன பீர் வாங்கித் தருவாய் என்று கேட்டிருந்தாயே, அதற்கு வருகிறேன். கிரேட் லேக்ஸ் ப்ரூயிங் கம்பெனியின் டார்ட்மண்டர் கோல்ட். யோசிக்கவே தேவையில்லை. எங்கள் கிளீவ்லாந்து ஊர் ஆலையின் சரக்கு, எத்தனையோ வருஷமாக நான் நம்பிக் குடிப்பது.

நம்ம ஊரில் பீர் என்றால் ஒரே கேள்விதான்: கூலிங்கா இருக்கா? டாஸ்மாக்கில் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்தோம். ருசி பார்க்க அதில் என்ன இருந்தது? இங்கே நிலைமை நேர் எதிர். சிறு பீர் ஆலைகள் பெருகிப்போய், வாரத்துக்கு ஒரு புதுப் பெயர் வருகிறது. மாம்பழக் கூழ் போட்டது, மில்க் ஷேக் போல் கலங்கியது, புளிப்பேற்றியது என்று கடை அலமாரி முழுக்கக் கலர் கலராய் கேன்கள். ஒன்று நன்றாக இருக்கிறதே என்று மறுபடி தேடிப் போனால், அது போய் வேறொன்று வந்திருக்கும். எனக்கு அதில் மனசு ஒட்டவில்லை. புதுசாக ஒன்று செய்துவிடலாம். அதே பீரை முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் அதே ருசியில் கொடுப்பதைத்தான் நான் பெரிய கெட்டிக்காரத்தனம் என்பேன்.

அது ஏன் கஷ்டம் என்று சொல்கிறேன் கேள். ஒரு வருஷத்து பார்லி மாதிரி அடுத்த வருஷத்து பார்லி இருக்காது. மழையைப் பொறுத்து அதன் புரதம் ஏறும், இறங்கும். பீருக்குக் கசப்பும் வாசனையும் தர ஹாப்ஸ் என்ற பூவைப் போடுவார்கள். அதில் இருக்கும் கசப்பும் எண்ணெயும் அறுவடைக்கு அறுவடை வேறு. நொதிக்க வைக்கும் ஈஸ்ட்டோ உயிருள்ள பொருள். ஒரு தொட்டியிலிருந்து எடுத்து அடுத்த தொட்டிக்குப் போட்டுக்கொண்டே போனால் அதன் குணம் மெல்ல மாறும். ஆக, வருவது ஒரே ருசியாக இருக்கவேண்டும் என்றால் போடுவதை ஒவ்வொரு முறையும் திருத்திக்கொண்டே இருக்கவேண்டும். ஜங்ஷன் பக்கத்துக் கடையில் நாம் காலேஜ் நாளில் சாப்பிட்ட சாம்பார் நினைவிருக்கிறதா? காய் மாறும், பருப்பு விலை ஏறும், சாம்பார் மட்டும் அதே சாம்பார். அந்தக் கை இவர்களுக்கும் இருக்கிறது.

பீரில் ஏல், லாகர் என்று ரெண்டு பெரிய வகை. டார்ட்மண்டர் லாகர் வகை என்பதால் இன்னும் கஷ்டம். ஏல் வகை பீர் இருபது டிகிரி அளவில் சில நாளிலேயே நொதித்துவிடும். லாகருக்கு பத்து டிகிரி போலக் குளிர் வேண்டும். நொதித்த பிறகும் உறைநிலைக்குக் கொஞ்சம் மேலே பல வாரம் அசையாமல் கிடக்கவேண்டும். அவசரப்பட்டால் வெண்ணெய் வாசனையோ பச்சை ஆப்பிள் வாசனையோ தங்கிவிடும். ஹாப்ஸை அள்ளிக் கொட்டிய பீரில் அந்தக் குறையை மறைத்துவிடலாம். இதில் ஒளிய இடமே கிடையாது. கிளாஸில் ஊற்றினால் பொன் நிறம், மேலே வெள்ளை நுரை. முதல் வாயில் பிஸ்கட் போல மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) இனிப்பு, விழுங்கும்போது சுத்தமான ஒரு கசப்பு, அவ்வளவுதான். நாக்கில் பிசுபிசுப்பு இருக்காது. 5.8 சதவீதம் ஆல்கஹால். ஒன்று குடித்தால் போதும், ருசி முழுசாகத் தெரியும்.

பெயர் ஜெர்மனியின் டார்ட்மண்ட் ஊரிலிருந்து வந்தது. நிலக்கரியும் இரும்பும் விளைந்த ஊர் அது. அங்கே உருவான வகை இது. கிளீவ்லாந்தும் எஃகு ஊர்தான், அதனால் பொருத்தம் எனக்குப் பிடிக்கும். இவர்கள் முதலில் வைத்த பெயர் ஹெய்ஸ்மன், இந்த ஊரில் பிறந்த அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் நினைவாக. 1990-ல் டென்வரில் நடக்கும் பெரிய பீர் விழாவில் தங்கப் பதக்கம் வாங்கியதும் பெயரில் கோல்ட் சேர்ந்துகொண்டது.

ஆலையைத் தொடங்கியவர்கள் பாட் கான்வே, டான் கான்வே என்ற அண்ணன் தம்பி. வருஷம் 1988. அப்போது ஓஹியோ மாநிலத்தில் இந்த மாதிரி சிறு ஆலை ஒன்றுகூடக் கிடையாது. ஒரு காலத்தில் பீர் ஆலைகள் நிறைந்திருந்த ஊர் இது. கடைசியாக மிஞ்சியிருந்த ஷ்மிட் ஆலையும் 1984-ல் மூடிவிட்டது. டான் வங்கியில் இருந்தவர், பீர் காய்ச்சத் தெரியாது. அதனால் ஷ்மிட்டில் ப்ரூமாஸ்டராக, அதாவது பீர் காய்ச்சுவதற்குத் தலைமை ஆளாக இருந்த தெய்ன் ஜான்சனைத் தேடிப் பிடித்தார்கள். ஊர் ஆலை மூடினாலும் அங்கே வேலை பார்த்த கையும் அனுபவமும் இந்த ஆலைக்கு வந்து சேர்ந்தது. டார்ட்மண்டரின் ஒழுங்கு அங்கேயிருந்து வந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

மற்ற பீர்களுக்கும் ஊர்க் கதையைத்தான் பெயராக வைத்திருக்கிறார்கள். பர்னிங் ரிவர் என்று ஒரு பேல் ஏல். 1969-ல் எங்கள் கையஹோகா ஆறு தீப்பற்றி எரிந்தது. தண்ணீரில் அவ்வளவு எண்ணெயும் ஆலைக் கழிவும். நாடே சிரித்தது. ஆனால் 1972-ல் வந்த தூய நீர்ச் சட்டத்துக்கு அந்தத் தீயும் ஒரு காரணம் என்று சொல்வார்கள். அந்த அவமானத்தை மறைக்காமல் லேபிளில் போட்டது எனக்கு மரியாதையாகப் படுகிறது. இப்போது அந்த ஆற்றில் மீன் இருக்கிறது, படகு விடுகிறார்கள். (நம்ம தாமிரபரணிக்கும் யாராவது இப்படி விடாப்பிடியாக நின்றால் நன்றாயிருக்கும்.)

எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் போர்ட்டர் என்று ஒரு கறுப்பு பீர். அதை நீ நிதானமாகக் குடிக்கவேண்டும். எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்பது ஒரு சரக்குக் கப்பலின் பெயர். 1975 நவம்பர் 10-ம் தேதி, இரும்புத் தாது ஏற்றிக்கொண்டு போகையில், சுப்பீரியர் ஏரியில் புயலில் மூழ்கியது. ஏரி என்றால் நம்ம ஊர் ஏரி இல்லை, கடல்தான். கப்பலில் இருந்த 29 பேரில் ஒருவர்கூடத் தப்பவில்லை. பீரின் நிறமும் கறுப்பு. வறுத்த பார்லியால் காபியும் சர்க்கரை போடாத சாக்லேட்டும் கலந்த கசப்பு வரும். கறுப்பாக இருப்பதால் கனமாக இருக்குமோ என்று பயப்படாதே, லேசாகத்தான் இறங்கும். ரொம்பச் சில்லென்று குடித்தால் அந்த வாசனை எழும்பாது. நவம்பர் குளிரில் நான் வேறு எதையும் தொடுவதில்லை.

ஆலையின் பப் மார்க்கெட் அவென்யூவில் இருக்கிறது. பக்கத்திலேயே 1912-ல் திறந்த வெஸ்ட் சைடு மார்க்கெட், மணிக்கூண்டோடு. காய்கறி, இறைச்சி, ரொட்டி எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே கிடைக்கும். கோமதிக்கும் வசந்திக்கும் அரைநாள் போவது தெரியாது. நாம் அதற்குள் ஒரு தட்டு பொரித்த மீனும் ஆளுக்கு ஒரு டார்ட்மண்டரும் முடித்துவிடலாம். உனக்குச் சுகர் இருப்பதால் அதற்கு மேல் நான் விடமாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

செப்டம்பரில் வருவதாக எழுதியிருக்கிறாய். முடிந்தால் நவம்பர் தொடக்கம் வரை தங்கு. தேன், இஞ்சி, லவங்கப்பட்டை போட்ட அவர்களுடைய கிறிஸ்மஸ் ஏல் அக்டோபர் வாக்கில் வரும். ஊரே காத்திருந்து வாங்கும். விசா இன்டர்வியூ தேதி கிடைத்ததும் எழுது. டிக்கெட்டை நேராகக் கிளீவ்லாந்துக்கே போடு, ஏர்போர்ட்டுக்கு நான் வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
ராஜாராமன்