கடற்கரைத் தூண்டிலுக்கு எதில் செலவு செய்வது? மகளுக்கு ஒரு கடிதம்

சேலம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய பட்டியலை நிதானமாகப் படித்தேன். சென்னைக்கு அருகிலுள்ள கோவளத்துக்குக் குடிபோன பிறகு கரையில் நின்று தூண்டில் போட வேண்டும் என்ற ஆசை உனக்கு வந்திருப்பதில் எனக்கு உள்ளபடியே மகிழ்ச்சி, கண்ணு. ஆனால் ஆறாயிரம் ரூபாய்க்குள் எல்லாம் முடிய வேண்டும் என்று எழுதிவிட்டு, அதில் பாதிக்கு மேல் கார்பன் கம்புக்கும், மீதியில் பெரும்பங்கை இரைக்குப் பதிலாக மாட்டும் பிளாஸ்டிக் மீன்களுக்கும் ஒதுக்கியிருக்கிறாய். தூண்டில் நரம்பைச் சுற்றும் ரீலுக்கு மிஞ்சியது எண்ணூறு ரூபாய். இந்தக் கணக்கைத் தலைகீழாக மாற்று என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பூலாம்பட்டியில் காவிரிக் கரையில் நாம் பயன்படுத்திய ஆறடிக் கம்பும் தக்கையும் கடலுக்கு உதவா. ஆற்றில் இரை மிதந்து நின்றால் போதும். கடலிலோ அலையும், கரையை ஒட்டிப் பக்கவாட்டில் ஓடும் நீரோட்டமும் இரையை ஓரிடத்தில் தங்க விடாமல் மணலுக்கே திருப்பித் தள்ளிவிடும். அதனால்தான் 80 முதல் 120 கிராம் வரை ஈயம் கட்ட வேண்டியிருக்கிறது. அந்த எடையை வீச நீளமான கம்பும், போதுமான நரம்பைத் தாங்கும் பெரிய ரீலும் தேவைப்படுகின்றன. இவை எல்லாவற்றையும் விடப் பெரிய வேறுபாடு உப்பு.

உருக்காலையில் வேலை பார்த்தவன் என்பதால் இதைக் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன். எஃகில் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் கலந்திருந்தால், காற்றுப் பட்டதும் அதன் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத குரோமியம் ஆக்சைடுப் படலம் ஒன்று உருவாகி, உள்ளே இருக்கும் இரும்பைக் காக்கிறது. ஸ்டெயின்லெஸ் என்று நாம் சொல்வதற்கு அடிப்படை இந்தப் படலம்தான். கடல்நீரில் உள்ள குளோரைடு அதை அங்கங்கே துளைத்துக் குழி பறிக்கும். நம் வீட்டுப் பாத்திரங்களில் உள்ள 304 ரகம்கூடக் கடற்கரைக் காற்றில் புள்ளி புள்ளியாகப் பழுப்பேறும். 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் சேர்ந்த 316 ரகம் அதைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கும். ஆனால் சாதாரண பேரிங் எஃகில் குரோமியம் ஏறத்தாழ 1.5 விழுக்காடுதான். அப்படிப்பட்ட பேரிங் உள்ள ரீலை உப்புநீரில் நனைத்துவிட்டுக் கழுவாமல் மூலையில் சாத்தினால், அடுத்த முறை கைப்பிடியைச் சுற்றும்போதே கரகரப்பு தெரிந்துவிடும்.

ஆகவே உன் பணத்தில் பாதியை, அதாவது மூவாயிரம் ரூபாயை, ரீலுக்கு வைத்துக்கொள். பெட்டியின் மேல் பத்து பேரிங், பன்னிரண்டு பேரிங் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து மயங்காதே. துருவேறும் பேரிங் பன்னிரண்டு இருப்பதைவிடத் துருவேறாத பேரிங் நான்கு இருப்பது மேல். 5000 அல்லது 6000 என்று குறிக்கப்பட்ட அளவு உனக்குச் சரியாக இருக்கும். ஆனால் இந்த எண் எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே அளவைக் குறிப்பதில்லை; அதனால் நரம்பு சுற்றும் உருளையின் மேல் பொறித்திருக்கும் கணக்கைப் பார். 0.35 மில்லிமீட்டர் நரம்பு 200 மீட்டருக்குக் குறையாமல் கொள்ள வேண்டும். உடற்பகுதி கிராஃபைட் கலந்த பிளாஸ்டிக்காக இருந்தால் அதை மலிவுச் சரக்கு என்று ஒதுக்கிவிடாதே. உலோகத்தின் விறைப்பு அதற்கு இல்லை என்பது உண்மைதான். ஆனால் உப்பு அதை அரிக்காது.

கடையில் ரீலைக் கையில் வாங்கியதும் கைப்பிடியை மிக மெதுவாகச் சுற்றிப் பார். வேகமாகச் சுற்றினால் எல்லா ரீலும் வழுவழுப்பாகத்தான் தோன்றும். மெதுவாகச் சுற்றும்போதுதான் பல்சக்கரத்தின் தட்டல் விரலுக்குத் தெரியும். பிறகு கம்பி வளையத்தின் ஓரத்தில், நரம்பு திரும்பி உள்ளே நுழையும் இடத்தில், சுண்டுவிரல் நுனியைவிடச் சிறிய உருளை ஒன்று இருக்கும். அதை நகத்தால் நெருடிப் பார். தடையின்றிச் சுழல வேண்டும். ஈர நரம்பு ஓயாமல் உரசுவதால் உப்பு முதலில் போய் உட்காரும் இடம் அதுதான். அது இறுகிவிட்டால் நரம்பு முறுக்கேறி, அறுபடத் தொடங்கும். மீன் இழுக்கும்போது நரம்பை அளவாக விட்டுக்கொடுக்கும் பிடிப்புக்கு டிராக் என்று பெயர்; அதை இறுக்கியும் தளர்த்தியும் நரம்பைக் கையால் இழுத்துப் பார். திணறாமல் ஒரே சீராக வெளியே வர வேண்டும்.

கம்புக்கு ஆயிரத்தைந்நூறு முதல் ஆயிரத்தெண்ணூறு ரூபாய் போதும். கார்பன் கம்பு எடை குறைந்தது, விறைப்பானது, நெடுந்தூரம் வீசும். ஆனால் பாறையிலோ ஆட்டோ கம்பியிலோ ஒரு முறை இடிபட்டால், அந்த இடத்திலேயே பிறகொரு நாள் முறிந்துபோகக்கூடும். ஃபைபர் கிளாஸ் கம்பு கனமானது, மந்தமாக வளையும், இருந்தாலும் பழகுகிறவர் கையில் நெடுநாள் உழைக்கும். பன்னிரண்டடி உன் உயரத்துக்கு அதிகம். பத்தடி அல்லது பத்தரை அடியில், இரண்டு துண்டாகப் பிரியும் கம்பை வாங்கு. ஒன்றுக்குள் ஒன்று மடங்கும் கம்பு பேருந்துக்கு வசதி என்று எழுதியிருந்தாய். மணல் அதன் இணைப்புகளுக்குள் புகுந்தால் மடக்கவும் முடியாது, நீட்டவும் முடியாது என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை. கைப்பிடிக்கு மேலே எத்தனை கிராம் வரை வீசலாம் என்று எழுதியிருப்பார்கள்; ஈயமும் இரையும் சேர்ந்த எடை அந்த எல்லைக்குள் நிற்க வேண்டும். நரம்பு ஓடும் வளையங்களுக்குள் பஞ்சு சுற்றிய காதுக்குச்சியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார். பஞ்சின் இழை எங்கேயாவது சிக்கினால் அங்கே கீறல் இருக்கிறது என்று பொருள். அந்தக் கம்பு வேண்டாம்.

நரம்பு சாதாரண நைலான் ஒற்றை இழையாகவே இருக்கட்டும். பின்னல் நரம்பு மெல்லியது, தூரம் போகும் என்பதெல்லாம் சரிதான். ஆனால் விலை அதிகம், வீசப் பழகாத கையில் காற்றில் பறந்து முடிச்சு விழும், விரலையும் அறுக்கும். நைலான் சற்று இழுபடும் என்பதால் அலையின் உலுக்கலையும் மீனின் முதல் வெட்டலையும் அதுவே தாங்கிக்கொள்ளும். உருளையின் விளிம்புக்கு இரண்டு மில்லிமீட்டர் கீழே வரை சுற்று. அதற்குக் குறைந்தால் தூரம் போகாது, மிஞ்சினால் கொத்துக் கொத்தாக அவிழும்.

இனிச் சொல்வதை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதே. நூறு கிராம் ஈயத்தை 0.35 நரம்பில் நேரடியாகக் கட்டி முழு வலுவோடு வீசினால் நரம்பு அறுந்து, அந்த ஈயம் கரையில் நிற்பவர் தலையைப் பதம் பார்க்கும். ஈயத்தின் ஒவ்வொரு 28 கிராமுக்கும் நாலரைக் கிலோ தாங்குதிறன் என்பது கடலில் தூண்டில் வீசுபவர்களின் கணக்கு. அதன்படி நூறு கிராமுக்கு 16 கிலோ வருகிறது. நீ 18 கிலோ தாங்கும் தடித்த நரம்பாகவே வாங்கி, முன்பகுதியில் ஆறேழு மீட்டர் கட்டிக்கொள். வீசத் தயாராக நிற்கும்போது அந்தத் தடித்த நரம்பு ரீலில் ஐந்தாறு சுற்றாவது சுற்றியிருக்க வேண்டும். செலவு சொற்பம், காப்பதோ உயிரை. இதற்கான முடிச்சைப் பொங்கலுக்கு வரும்போது கையைப் பிடித்துக் காட்டித் தருகிறேன். அதுவரை ஐம்பது கிராமுக்கு மேல் கட்டாமல், கரையில் ஆள் இல்லாத நேரத்தில் மெதுவாக வீசிப் பழகு.

தூண்டில் முள்ளும் ஈயமும், நரம்பு முறுக்கேறாமல் சுழலும் இணைப்பான சுவிவலும் காசிமேட்டுத் துறைமுகத்தை ஒட்டிய கடைகளில் வாங்கினால் பெட்டியிலிட்டு விற்பதைவிட மலிவாக இருக்கும். ஈயத்தில் கூம்பு வடிவமானதை எடு, அது மணலில் பதிந்து நிற்கும். உருண்டை ஈயம் நீரோட்டத்தோடு உருண்டு போய்விடும். கிழங்கான் மீனுக்கு 4ஆம் எண் நீளத்தண்டு முள்ளும், பெரிய மீனுக்கு 1/0 வட்ட முள்ளும் வைத்துக்கொள். எண் ஏற ஏற முள் சிறுத்துக்கொண்டே போகும். பூஜ்யம் சேர்ந்த வரிசையில் மட்டும் எண் ஏற ஏறப் பெருக்கும். வட்ட முள்ளில் மீன் கடித்தால் வெடுக்கென்று இழுக்காதே. நரம்பு இறுகும் வரை பொறுத்து ரீலைச் சுற்று, முள் தானாக வாயோரத்தில் மாட்டிக்கொள்ளும்.

பிளாஸ்டிக் மீன்களை அடியோடு நீக்கிவிடு. இறாலும் கணவாய்த் துண்டும் மத்தியும் கோவளத்திலேயே கிடைக்கும்போது அவை எதற்கு? கம்பை மணலில் நட்டு வைக்கும் தாங்கிக்கும் காசு கொடுக்காதே. இரண்டு அங்குல பிவிசி குழாயை நாலடி நீளத்துக்கு எடுத்து, ஒரு முனையைச் சாய்வாக அறுத்தால் போதும். செவ்வாய்ப்பேட்டையில் வாங்கி, அறுத்து, பிசிறு நீக்கி வைத்திருக்கிறேன். ரீலில் மணல் படாமலிருக்க அது அவசியம்.

மிச்சமாகும் பணத்தில் நீண்ட மூக்குள்ள இடுக்கி ஒன்று வாங்கிக்கொள். அந்தக் கரையில் கெளுத்தி அடிக்கடி மாட்டும். அதன் முதுகிலும் இருபுறமும் உள்ள முட்களில் விஷம் உண்டு, வெறுங்கையால் தொடவே கூடாது. ஜனவரி தொடங்கி, பங்குனி ஆமை என்னும் கடலாமை முட்டையிட அந்தக் கரைக்கு வரும் காலம் என்பதால், அறுந்த நரம்பு ஒரு முழமானாலும் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வா.

வீடு திரும்பியதும் டிராக்கை இறுக்கி, ரீலை நல்ல தண்ணீரில் மெல்லிய தூறலாகக் கழுவு. வேகமாகப் பீய்ச்சினால் உப்பை நீயே உள்ளே செலுத்தியதாகிவிடும். துடைத்து நிழலில் உலர்த்திய பின் டிராக்கைத் தளர்த்தி வை. அந்தச் சின்ன உருளைக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடு. கம்பின் வளையங்களையும் ஈரத்துணியால் துடை.

ரீலுக்குப் பணம் கொடுப்பதற்கு முன் அதன் உருளையில் பொறித்திருக்கும் கணக்கைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. குழாயை இந்த வாரம் பார்சலில் அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா