டாம் ஆஸ்பினாலின் ஆற்றலும் விடை காணாத ஒரு கேள்வியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டத்து இளைஞர்கள் பலர் கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டிகளை ஆர்வத்தோடு பார்த்து வருவதால், அப்போட்டிகளை நடத்தும் யூஎஃப்சி அமைப்பின் ஹெவிவெயிட் பிரிவு வீரர் டாம் ஆஸ்பினாலைப் பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கம் விரிவாக எழுத வேண்டுகிறேன். 120 கிலோ வரை எடையுள்ளோர் மோதும் அப்பிரிவில், அவரைப் போல் கால்களை விரைந்து நகர்த்தும் ஒருவரை நான் கண்டதில்லை; 2023 நவம்பரில் செர்கெய் பாவ்லோவிச்சை 69 வினாடிகளிலும், 2024 ஜூலையில் கர்டிஸ் பிளேய்ட்சை 60 வினாடிகளிலும் வீழ்த்திய குத்துகளுக்கு அந்தக் காலசைவே அடித்தளம். எதிரியைத் தரையில் பிடித்து மடக்கும் கலையான பிரேசிலிய ஜியு ஜிட்சுவில் கறுப்புப் பட்டை பெற்ற அவர், தரைப் பிடியிலும் தேர்ந்தவர்.

ஆயினும் இந்த விரைவான வெற்றிகளே எனக்குக் கவலை தருகின்றன. ஐந்து நிமிடச் சுற்றுகள் ஐந்து கொண்ட பட்டப் போட்டியில், மூன்றாம் சுற்றுக்குப் பின் அவருடைய மூச்சு தாங்குமா என்பதை யூஎஃப்சி மேடை 2025 வரை காணவில்லை. தூரம் காத்துப் பொறுமையாக மோதும் பிரெஞ்சு வீரர் சிரில் கான்தான் அதைச் சோதிக்கத் தக்க எதிரி. அவர்களுடைய 2025 அக்டோபர் மோதலோ, ஆஸ்பினாலின் கண்ணில் விரல் பட்டதால் முதல் சுற்றிலேயே முடிவின்றி நின்றது. கண் முழுமையாகத் தேறிய பிறகே, அவசரமின்றி, அம்மோதலை மீண்டும் நடத்த வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், சுங்கை சிப்புட், பேராக்