மனையின் சரிவும் மரமும் வரைபடத்தில் இடம்பெற வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாளிதழ்களின் வீடு, மனை பகுதிகளில் வெளிவரும் மாதிரி வரைபடங்களைத் தொடர்ந்து கவனித்து வருபவன் நான். படுக்கையறையின் நீள அகலத்தையும் வாசலின் திசையையும் தெளிவாகக் காட்டும் அந்த வரைபடங்களில், மனையில் ஏற்கெனவே நிற்கும் வேப்பமரம் எங்கே, மழைநீர் எந்தப் பக்கம் வழிகிறது, காற்று எங்கிருந்து வருகிறது என்பவற்றுக்கு இடமே இருப்பதில்லை. கட்டுவதும் அப்படியே நடக்கிறது. காரைக்குடியைச் சுற்றிய புதிய மனைப்பிரிவுகளில் முதல் நாளே பொக்லைன் இறங்கி மரங்களை வேரோடு சாய்க்கிறது. சாலை மட்டத்துக்கு மேல் மண் கொட்டி மேடாக்கிய பிறகுதான் கடைகால் தோண்டப்படுகிறது. கண்மாய்க்குப் போக வேண்டிய தண்ணீர் அண்டை வீட்டு வாசலில் நிற்கிறது.

இதே செம்மண் பூமியில் எழுந்த செட்டிநாட்டு வீடுகள் வெயிலையும் மழைக்குறைவையும் கணக்கில் எடுத்துக்கொண்டவை. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும் கட்டுகளின் வாசல்கள் நேர்க்கோட்டில் அமைந்திருப்பதால், தெருவாசலில் நுழையும் காற்று முற்றங்களைத் தாண்டிப் பின்வாசல் வரை தடையின்றிச் செல்கிறது. முற்றத்தை நோக்கிச் சரியும் ஓட்டுக்கூரையில் விழும் மழையை அண்டாக்களில் பிடித்தார்கள். மிஞ்சியது வடிகால் வழியே வெளியேறி ஊருணியைச் சேர்ந்தது. தடித்த சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் பகல் வெப்பத்தை உள்ளே எளிதில் விடுவதில்லை. இந்த வீடுகளுக்குத் தேக்கு பர்மாவிலிருந்தும் பளிங்கு இத்தாலியிலிருந்தும் வந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. பொருள் வெளியூரிலிருந்து வந்தாலும் வீட்டின் அமைப்பு இந்த ஊர் வெயிலுக்கும் மழைக்கும் உரியதாக இருந்தது என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

அது செல்வந்தர்களுக்கே இயலும் என்று சிலர் கருதலாம். அவர்கள் லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் கட்டிய வீடுகளைப் பார்க்க வேண்டும். 1917-இல் இங்கிலாந்தில் பிறந்து இந்தியாவிலேயே வாழ்ந்து 2007-இல் மறைந்த அந்தக் கட்டடக் கலைஞர், ஐந்து மைல் சுற்றுவட்டாரத்தில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே வீடு கட்ட வேண்டும் என்று காந்தியடிகள் சொன்னதைத் தம் தொழிலுக்கு அடிப்படையாகக் கொண்டார். அந்நகரின் நாலாஞ்சிரா பகுதியில் அவர் தமக்கென்று கட்டிக்கொண்ட வீடு, பாறை நிறைந்த குன்றுச் சரிவை வெட்டிச் சமப்படுத்தாமல், அந்தச் சரிவின் ஏற்ற இறக்கத்தோடு சேர்ந்து வளர்ந்தது. அதே நகரில் உள்ளூர் என்னும் பகுதியில் உள்ள வளர்ச்சி ஆய்வு மைய வளாகத்திலும் மரங்களை வெட்டுவதற்குப் பதிலாகச் சுவர்களை வளைத்தார். செங்கல்லைக் குத்துவாட்டில் நிறுத்தி நடுவே வெற்றிடம் விடும் எலிப்பொறிக் கட்டு முறையை அவர் பரவலாகக் கையாண்டார். அதனால் ஏறத்தாழ கால் பங்கு செங்கல் மிச்சமாவதோடு, இடையில் உள்ள காற்று வெப்பத்தையும் தடுக்கிறது. பூசாத செங்கல், ஓடு, சல்லடைபோல் துளைவிட்ட சுவர் ஆகியவற்றால் ஆன அவ்வீடுகளின் அழகு, எனக்கு எந்தக் கண்ணாடி முகப்பிலும் தென்பட்டதில்லை.

முப்பதுக்கு நாற்பது அடி மனையில் முற்றம் விட இயலாமல் போகலாம். எனினும், நம் பகுதியில் கிழக்கு, மேற்குச் சுவர்களே அதிக வெயிலை வாங்குகின்றன என்பதால், படிக்கட்டையும் குளியலறையையும் மேற்கே ஒதுக்குவதற்கும், சன்னல்களை வடக்கிலும் தெற்கிலும் பெரிதாக வைப்பதற்கும், மேற்கு ஓரத்தில் நிற்கும் புங்கமரத்தைக் காப்பாற்றுவதற்கும் தனிச் செலவு எதுவும் இல்லை. வரைபடம் போடும் முன் ஒரு முறை பிற்பகலில் மனையில் நின்று பார்த்தால் இவை புலப்படும்.

அரசு 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது, ஒவ்வொரு வீட்டுக்காரரும் தண்ணீரைப் பற்றி யோசிக்க நேர்ந்தது. அதே உறுதி இப்போதும் தேவை. 2,500 சதுர அடிக்குள் அமைந்த மனைகளில் கட்டும் சிறு வீடுகளுக்கு, 2024 முதல் சுயசான்று முறையில் இணையவழியே உடனடி அனுமதி கிடைக்கிறது. மக்களின் அலைச்சலைக் குறைக்கும் நல்ல ஏற்பாடு இது. இந்த விண்ணப்பத்தோடு, மனையில் உள்ள மரங்கள், கிணறு, நிலத்தின் சரிவு, நீர் வழியும் திசை ஆகியவற்றைக் காட்டும் தாள் ஒன்றை இணைப்பதையும், மண் கொட்டி உயர்த்துவதாயின் எவ்வளவு உயரம் என்று குறிப்பிடுவதையும் கட்டாயமாக்குமாறு வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் நாளிதழும் இனி வெளியிடும் ஒவ்வொரு மாதிரி வரைபடத்துடனும், அது எந்த ஊரின் மனைக்காக, எந்தத் திசைக் காற்றையும் வெயிலையும் கருதி வரையப்பட்டது என்ற விவரத்தைச் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காரைக்குடி.